இடைவினையும் ஆய்வு அலகும்: பல்காரணி மாறுபாட்டுப் பகுப்பாய்வு குறித்த ஒரு திறனாய்வு

கல்வியியல் ஆய்வுகளில் 'அனோவா' என்று வழங்கப்பெறும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு, மொழி கற்பித்தல் ஆய்வாளர்களுக்கும் பழக்கமான கருவியாகும். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகளை ஒருசேர ஆராய்வது அதன் பல்காரணி வடிவம். இவ்வடிவத்தைத் தேர்ந்துகொண்ட பின்னரும், ஒவ்வொரு காரணியின் முதன்மை விளைவை மட்டும் கூறி முடிவுரைக்குச் சென்றுவிடும் போக்கு ஏற்கத்தக்கதன்று. காரணிகளுக்கு இடையிலான இடைவினையை அறிவதற்கே இவ்வடிவம் பெரிதும் துணைபுரிகிறது.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கதைவழிக் கற்பித்தல், பயிற்சிவழிக் கற்பித்தல் என இரு முறைகள். வீட்டில் தமிழ் பேசுவோர், பேசாதோர் என இரு பிரிவினர். ஒவ்வொரு பிரிவிலும் சம எண்ணிக்கையில் மாணவர்கள். தமிழ் பேசுவோரின் சராசரி கதைவழியில் 78, பயிற்சிவழியில் 66. பேசாதோரின் சராசரி முறையே 54, 62. முறைகளின் பொதுச் சராசரியை மட்டும் நோக்கினால் கதைவழிக்கு 66, பயிற்சிவழிக்கு 64. இரண்டே புள்ளி வேறுபாடு என்பதால் 'முறையால் பயனில்லை' என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையிலோ ஒரு பிரிவினருக்குக் கதைவழி 12 புள்ளி நன்மை தருகிறது. மற்றவருக்கு 8 புள்ளி பின்னடைவைத் தருகிறது. வீட்டில் தமிழ் கேளாத பிள்ளையின் நிலை அந்தப் பொதுச் சராசரிக்குள் மறைந்துபோகிறது.

இப்பகுப்பாய்வின் தோற்றமும் இடைவினை பற்றிய வினாவோடு பிணைந்ததே. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஃபிஷர், மெக்கன்சியுடன் இணைந்து 1923-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். 12 உருளைக்கிழங்கு வகைகள் வெவ்வேறு உரங்களை ஒரே வகையில் ஏற்கின்றனவா என்பதே அதன் வினா. வகைக்கு வகை உரத்தின் பயன் பொருட்படுத்தத்தக்க அளவில் வேறுபடவில்லை என்று அவர்கள் கண்டனர். அத்தோடு நில்லாமல், வகையின் விளைவையும் உரத்தின் விளைவையும் கூட்டிப் பார்ப்பதைவிடப் பெருக்கிப் பார்ப்பதே விளைச்சலுக்கு நன்கு பொருந்துகிறது என்றும் காட்டினர். இடைவினை என்பது நாம் கொள்ளும் அளவுகோலையும் சார்ந்தது என்னும் இந்நுட்பத்தைப் பாடநூல்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. தேர்வுப் புள்ளிகளைக் கையாள்வோர்க்கு இது சிறிய செய்தியன்று.

ஆயினும் அம்முன்னோடிக் கட்டுரையிலேயே ஒரு குறையுண்டு. ஒவ்வொரு வகைக்கும் உரிய பாத்தி, பொட்டாஷ் உரச் சோதனைக்காக வரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆகவே வகைகளை ஒப்பிடுவதற்குரிய பிழையும் உரங்களை ஒப்பிடுவதற்குரிய பிழையும் வேறுவேறு. கட்டுரை இரண்டிற்கும் ஒரே பிழை மதிப்பீட்டைக் கொண்டது. 1925-இல் வெளிவந்த தம் நூலில் ஃபிஷரே இரு மதிப்பீடுகளைத் தனித்தனியே கணக்கிட்டு இதனைச் சீர்செய்தார்.

வகுப்பறையும் அத்தகைய பாத்தியே. ஒரே ஆசிரியரிடம் பயிலும் மாணவர்கள் ஒருவரையொருவர் சாராத தனி அலகுகள் ஆகார். நெவில் பென்னட் 1976-இல் வெளியிட்ட கற்பித்தல் பாணிகள் குறித்த ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. மரபுவழிக் கற்பித்தலே சிறந்தது என்பதற்குச் சான்றாக அது பிரித்தானியாவில் பரவலாக எடுத்தாளப்பட்டது. அவ்வாய்வில் இடம்பெற்ற ஆசிரியர்கள் 37 பேரே. கணக்கிலோ மாணவர் ஒவ்வொருவரும் தனி அலகாகக் கொள்ளப்பட்டனர். வகுப்பைக் கருத்தில் கொண்டு 1981-இல் எய்ட்கின் முதலானோர் மறுபகுப்பாய்வு செய்தபோது, பாணிகளுக்கு இடையிலான வேறுபாடுகள் புள்ளியியல் பொருண்மையை எட்டவில்லை. அம்மறுபகுப்பாய்வில் பென்னட்டும் பங்கேற்றார் என்பது பாராட்டத்தக்க ஆய்வு நேர்மை.

நம் ஆய்வு மாணவர் ஒருவர் முறைக்கு ஒரு வகுப்பாக இரண்டே வகுப்புகளை எடுத்துக்கொண்டால், முறையின் விளைவையும் ஆசிரியரின் விளைவையும் பிரித்தறிய இயலாது. அவ்விரு வகுப்புகளிலும் எத்தனை மாணவர்கள் இருந்தாலும் இந்நிலை மாறாது. கணினி மென்பொருள் அப்போதும் தயங்காது அட்டவணையைத் தரும். எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் பயின்றார் என்பதை ஆய்வாளர் பதிவு செய்யாதவரை அதற்குத் தெரியாது.