பூதம் வேண்டாம், விதி போதும்

"கிராபிக்ஸ் மொக்கையா இருக்கும் ப்ரோ." சின்ன பட்ஜெட்டில் எடுத்த அறிவியல் திகில் படம் எதைச் சிபாரிசு செய்தாலும், எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான். சொல்கிறவர்கள் 'காஞ்சனா'வின் ஒவ்வொரு பாகத்துக்கும் முதல் நாளே டிக்கெட் எடுத்தவர்கள். தலையை விரித்துப்போட்டு அலறும் பேயை ஒப்புக்கொள்கிறவர்களுக்கு, ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பித்த ஒன்றின் ரப்பர் தோல் மட்டும் உறுத்துகிறது. வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களை உள்ளே இழுத்துவரத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். யாரோ அநியாயமாகக் கொன்றார்கள், அது பழிவாங்க வருகிறது, கணக்குத் தீர்ந்தால் போய்விடும். அதுவரை எலுமிச்சம்பழமும் மந்திரித்த கயிறும் தாக்குப்பிடிக்கும். அறிவியல் திகிலில் வருவதற்கு உங்கள்மேல் எந்தப் பகையும் கிடையாது. கிருமி, மருந்து, கதிர்வீச்சு, வேற்றுக்கிரகத்து உயிர், எதனிடமும் கெஞ்ச முடியாது, பரிகாரமும் இல்லை. பணம் குறைவு என்பதால் இடம் ஒன்றிரண்டு, ஆட்கள் நாலைந்து பேர், மிச்சத்தை இருட்டும் ஒலியும் பார்த்துக்கொள்ளும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நமக்கும் இதில் பரம்பரை உண்டு. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'காடு' படத்தில், யானைகளுக்குச் சடைமுடி போர்த்தி ஆதிகாலத்து மாமூத்துகளாக நடக்கவிட்டார்கள். 1989இல் வேலு பிரபாகரன் 'நாளைய மனிதன்' எடுத்தார். இறந்தவரை எழுப்பும் மருந்தை ஜெய்சங்கர் கண்டுபிடிக்கிறார். எழுந்துவரும் அஜய் ரத்னம் கொலைமேல் கொலை செய்கிறார். அடுத்த ஆண்டே 'அதிசய மனிதன்' என்று இரண்டாம் பாகம். கடவுள் மறுப்பாளரான ஓர் இயக்குநர், பழிவாங்கும் ஆவி எதையும் துணைக்கு அழைக்காமல் ஒரு பிணத்தை நடக்கவைத்தார். இந்தத் துணிச்சலைப் பற்றி நம் சினிமா எழுத்தாளர்கள் எழுதிக் குவித்திருக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படங்களை நான் இரண்டாகத்தான் பிரிப்பேன்: விதியை நம்பும் படம், விளக்கத்தை நம்பும் படம். ஜாம்பியா, ஏலியனா, ஆய்வுக்கூட விபத்தா என்ற பிரிவினையெல்லாம் கடைக்காரர் அலமாரி அடுக்குகிற வேலை.

உயிர்பிழைக்க வேண்டுமானால் பாத்திரங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டியது விதி. அந்த விபரீதம் ஏன் நேர்ந்தது என்று சொல்வது விளக்கம். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) படத்தைப் பாருங்கள். செலவு சுமார் 1,14,000 டாலர். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். பிணங்கள் ஏன் எழுகின்றன? வெள்ளிக் கிரகத்திலிருந்து திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சாக இருக்கலாம் என்று டிவியில் ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்கிறார். படம் அதை அங்கேயே விட்டுவிடுகிறது. ஆனால் விதியில் குழப்பமே இல்லை. இறந்தவர் எல்லோரும் எழுவார்கள். மூளையை அடித்தால்தான் விழுவார்கள். அந்த வீட்டின் நிலவறையில் கடிபட்ட சிறுமி ஒருத்தி படுத்திருக்கிறாள். விதி தெரிந்த பிறகு மேலே நடக்கும் எந்தச் சண்டையையும் உங்களால் நிம்மதியாகப் பார்க்க முடியாது, மனசு கீழேயே கிடக்கும். காசு செலவழிக்காமல் வந்த பயம் அது.

வின்சென்சோ நடாலியின் 'கியூப்' (1997) இன்னும் சிக்கனம். ஒரே ஒரு கனசதுர அறையைக் கட்டி, சுவர்களின் நிறத்தை மாற்றி மாற்றி முடிவில்லாத அறைகளாகக் காட்டினார்கள். சில அறைகளில் கொலைப்பொறி உண்டு. வழியில் பொறித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் தப்பலாம். யார் கட்டியது, எதற்காக? கடைசிவரை பதில் வராது. வந்திருந்தால் அது இன்னொரு சிறைச்சாலைப் படம். ஜேம்ஸ் வார்ட் பிர்கிட் 'கோஹிரன்ஸ்' (2013) படத்தைத் தன் சொந்த வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்தார். வால்நட்சத்திரம் கடக்கிறது, கரண்ட் போகிறது, தெருவின் இருட்டைத் தாண்டிப் போனவர் திரும்பி வரும் வீடு அவர் கிளம்பிய வீடாக இல்லாமல் போகலாம். விதி அவ்வளவுதான். அப்புறம் எதிரே வருகிறவர் கையிலிருக்கும் ஒளிக்குச்சி நீலமா சிவப்பா என்று பார்ப்பதற்கே நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

நம் படங்கள் சறுக்குவது இங்கேதான். சி.வி. குமாரின் 'மாயவன்' (2017) படத்தில் கொலைகாரன் செத்த பிறகும் அதே பாணியில் கொலைகள் தொடர்கின்றன. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு ஒருவரின் நினைவை இன்னோர் உடலுக்கு மாற்றும் விஞ்ஞானத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள், பயம் இறங்கிவிடுகிறது. 'மிருதன்' (2016) தொடங்கும் விதம் இதற்கு நேர்மாறு. ஊட்டியில் சிந்திய ரசாயனத்தை ஒரு நாய் குடிக்கிறது, ஓர் ஆளைக் கடிக்கிறது, ஜாம்பித் தொற்று பற்றிக்கொள்கிறது. பின்னால் வரும் காதல் பாட்டுகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தத் தொடக்கத்துக்காக மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

"அது என்ன ரசாயனம்? லாஜிக்கே இல்லையே" என்று யூடியூபில் மார்க் போடுகிறவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விதி மீறப்பட்டால் கேளுங்கள். விளக்கம் இல்லை என்று கேட்பது சிறுபிள்ளைத்தனம். இன்னொரு கூட்டம் குறியீடு தேடும். ஜாம்பி என்றால் நுகர்வுக் கலாச்சாரம், கிருமி என்றால் வெறுப்பு அரசியல் என்று எழுதிவிட்டு, ஒரு கதவு ஏன் அந்த நேரத்தில் சாத்தப்பட்டது என்பதைக் கவனிக்காமலே போய்விடுவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பயப்படப் பயம்.

இப்போது எங்கள் எண்ணூர்க்காரர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். விதி எது, விளக்கம் எது என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் கரையோரம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்ன வாயு, எந்தக் குழாய், எவ்வளவு என்பதெல்லாம் பிறகு வந்தது. அந்த இருட்டில் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது.

அதனால்தான் வால் கெஸ்ட் இயக்கிய 'குவாட்டர்மாஸ் 2' (1957) படத்தை எண்ணூரில் எல்லோரும் பார்க்க வேண்டும் என்கிறேன். தேம்ஸ் முகத்துவாரத்தில் ஷெல் ஹேவன் என்ற நிஜ சுத்திகரிப்பு ஆலையில் எடுத்தார்கள். கதையில் அது செயற்கை உணவு தயாரிக்கும் ரகசிய ஆலை. பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வேலை போய்விடுமே என்று எதையும் கேட்பதில்லை. ஒரு காட்சியில் பிரம்மாண்டமான தொட்டியின் வெளிப்படிக்கட்டில், உடம்பெல்லாம் கரிய பிசுபிசுப்போடு ஒரு மனிதன் தள்ளாடி இறங்கி வருவான். செட் கிடையாது, அது உண்மையான படிக்கட்டு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றுக்கு வந்த எண்ணெயை நம் மீனவர்கள் வாளியில் அள்ளியதைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் காட்சி என்ன செய்யும் என்பதை லண்டன் விமர்சகரால் எழுதவே முடியாது.

முதலில் 'கோஹிரன்ஸ்', பிறகு 'கியூப்', அதற்குப் பின் 'குவாட்டர்மாஸ் 2' என்று போங்கள். போனில் பார்த்தாலும் பரவாயில்லை, காதில் ஹெட்போன் இருக்கட்டும். பாதியில் நிறுத்தி அர்த்தம் தேட வேண்டாம். விதி எப்போது சொல்லப்படுகிறது, யாருக்கு முதலில் புரிகிறது என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு ஆசையும் சொல்லிவிடுகிறேன். வடசென்னை என்றாலே அரிவாளும் கானாவும்தான் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு, அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழி கண்ணில் படவே இல்லை. வேற்றுக்கிரகம் மாதிரி இருக்கும் நிலம், செட் போடாமல் கிடக்கிறது. இங்கேயே பிறந்த பையனோ பெண்ணோ ஒருவர் நாலு பேரை வைத்து எடுக்கலாம். கதை எழுதினால் கொண்டுவாருங்கள், முதல் ஆளாக நான் படிக்கிறேன். விஞ்ஞானி பேசும் காட்சி மட்டும் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது.