பூதங்களை வரைந்த மாணவர்கள்

மருத்துவம் பயில்வோருக்குப் படக்கதை எதற்கு? பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படக்கதை படித்து, ஆசிரியரிடம் அடியும் வாங்கிய தலைமுறையினராகிய நமக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஹெர்ஷி நகரிலுள்ள பென் ஸ்டேட் மருத்துவக் கல்லூரி, 2009-இல் இதனை நான்காம் ஆண்டு மாணவர்க்குப் பாடமாகவே வைத்தது. இலக்கியம், மெய்யியல் முதலிய மானிடக் கல்விக்கென 1967-இலேயே தனித்துறை கண்ட கல்லூரி அது. மருத்துவர் மைக்கேல் கிரீன் நடத்திய அவ்வகுப்பில், பயிற்சிக் காலத்தில் தம் நெஞ்சைத் தைத்த நிகழ்ச்சியொன்றை ஒவ்வொருவரும் படமும் சொல்லுமாக ஆக்கித் தரவேண்டும்.

வந்தவை எத்தகையவை? 2015 வரையிலான படைப்புகளைக் கிரீனும் டேனியல் ஜார்ஜும் ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே அமெரிக்க மருத்துவக் கழக இதழில் எழுதினர். ஏறத்தாழப் பாதிக் கதைகளில் திகில் சாயல்! கடிந்துகொள்ளும் மூத்த மருத்துவர் பூதமாகிறார். உறக்கமிழந்த மாணவர் நடைப்பிணமாகிறார். மருத்துவமனையோ இருண்ட நிலவறையாகிறது.

கலை மனப்பாரத்தை இறக்கிவைக்கும் என்பர். மறுப்பதற்கில்லை. எனினும் நம் மனம் அவ்வளவில் அமைதியுறவில்லை. பூதத்தை வரைந்து மனந்தேறிய மாணவர் மறுநாள் அதே வார்டுக்குத்தான் திரும்புகிறார். பூதம் அங்கேயே காத்திருக்கிறது. கல்லூரி இப்படங்களை மாணவரின் மனநலத்துக்கான மருந்தாக மட்டும் கொள்ளுமாயின், நோய் யாருடையது என்ற கேள்வியையே அது தவிர்த்துவிடுகிறது. மேலும் ஒன்று: இன்று பலியாளாகத் தம்மை வரையும் அம்மாணவரே சில ஆண்டுகளில் மூத்த மருத்துவராவார். அந்த உருமாற்றத்தை யார் வரைவது?

இவ்விடத்தில் கிரீன் எழுத, ரே ரீக் வரைந்து, 2013-இல் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வெளிவந்த படக்கதையை நினைக்கிறோம். பயிற்சி மருத்துவர் ஒருவரின் பிழையும், அதனைத் தொடர்ந்த நோயாளியின் இறப்பும், நீங்காத குற்றவுணர்வும் அதன் பொருள். அதில் பூதம் வெளியே இல்லை. மாணவரின் கதைகளைவிட நம்மை அதிகம் உலுக்குவது இதுவே. வரையச் சொன்ன ஆசிரியரே இத்தகைய கதையை எழுதினார் என்பதும் சிறிதன்று.

ஆகவே மாணவரின் படங்களை வகுப்பறைச் சுவரோடு நிறுத்திவிடலாகாது. அவற்றை முதலில் காணவேண்டியவர்கள், அவற்றில் வரையப்பட்டவர்களே. கண்டபின் அவர்கள் கையிலும் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பார்க்கலாம்.