ஒரு பேட்சை எப்படி ரசிப்பது?

இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலை 20 அன்று தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனும் வந்திருந்தார். பின்னர் கேரளப் பள்ளிகளுக்கு வந்த லினக்ஸ் இயங்குதளம் முதலில் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. மூலநிரலைப் படிக்கும் உரிமையைப் பொதுக்காரியமாக எடுத்துக்கொண்ட ஊர் திருவனந்தபுரம். அந்த உரிமையின் ருசி முழுவதும் தெரியும் இடம், யாரோ அனுப்பிய பிழைத்திருத்தத்தை, அதாவது பேட்சை, ஏற்கலாமா என்று அலசிப் பார்ப்பது. அதற்கு நிரல் எழுதும் திறமையைவிட, 'பிழைக்குக் காரணம் எதுவென்று இவர் நினைத்தார்?' என்று விடாமல் கேட்கும் பழக்கம்தான் முக்கியம் என்பேன்.

பேட்சில் நீக்கிய வரிக்குக் கழித்தல் குறியும் சேர்த்த வரிக்குக் கூட்டல் குறியும் இருக்கும். கழித்தலை முதலில் படியுங்கள். 2006-இல், தற்செயல் எண்களிலிருந்து ரகசியச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் டெபியன் தொகுப்பில் நடந்தது இது: எதுவும் எழுதப்படாத நினைவகத்தை நிரல் படிக்கிறது என்று வால்கிரிண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரித்தது. சந்தேகத்துக்குரிய வரி இரண்டு இடங்களில் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது: பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், உள்ளதை எடுத்துத் தற்செயல் எண்களுக்கான கலவையில் சேர். ஓரிடத்தில் அந்த பஃபர், விடையை எழுதிவைக்க ஒதுக்கிய இடம்; அதில் கிடந்த குப்பையைச் சேர்க்காவிட்டாலும் நஷ்டமில்லை. இன்னோரிடத்திலோ, வெளியிலிருந்து திரட்டிய தற்செயல் எண்கள் உள்ளே நுழையும் வாசலே அந்த வரிதான். இரண்டையும் எடுத்துவிட்டார்கள். எச்சரிக்கை நின்றது; ஆனால் தற்செயலுக்கென்று மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் வரிசை எண் மட்டும். அது அதிகபட்சம் 32,768. ஒவ்வொரு வகை ரகசியச் சாவிக்கும் முழுப் பட்டியலே போட்டுவிடலாம் என்ற நிலை, டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் 2008 மே வரை நீடித்தது. திருத்தியவர் அசட்டையாக இருக்கவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவிடம் கேட்டார், மறுப்பு வரவில்லை. அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பார்க்கவில்லை.

ஓப்பன்எஸ்எஸ்எல்லிலேயே 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டையை அடைத்த பேட்சைப் படிப்பது தனிச் சந்தோஷம். எதிர்முனை அனுப்பும் செய்தியில் சொன்ன நீளத்தை நம்பி, சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. உச்சவரம்பைக் குறைத்திருந்தால் கசிவு சிறுத்திருக்கும், காரணம் அப்படியே இருந்திருக்கும். வந்த பேட்சின் உயிர் இரண்டு சோதனைகள். முதலாவதில் 1, 2, 16 என்று மூன்று எண்கள்: செய்தியின் வகைக்கு 1 பைட், நீளத்துக்கு 2, கடைசி நிரப்பலுக்குக் குறைந்தது 16. வந்தது அதைவிடச் சின்னதா, தள்ளிவிடு. 19 என்று கூட்டிப் போட்டிருந்தாலும் கணினிக்கு ஒன்றுதான். பிரித்து எழுதியதால்தான் படிக்கிறவர் நெறிமுறையோடு வரிக்கு வரி ஒத்துப்பார்க்க முடிகிறது. இந்தச் சோதனை, நீளத்தைப் படிப்பதற்கு முன்பே வருகிறது. இல்லாவிட்டால் வராத பைட்டுகளையே நீளமென்று படித்துவிடும் ஆபத்து. நீளத்தைப் படித்தபின் இரண்டாவது சோதனை அதையும் சேர்த்துக் கூட்டி, உண்மையில் வந்த அளவோடு ஒப்பிடுகிறது. எவ்வளவு அழகான வரிசை!

இதையெல்லாம் தானியங்கிச் சோதனைகள் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். டெபியனில் பிறந்த ஒவ்வொரு சாவியும் பூட்டியது, திறந்தது. தனியாக எடுத்துச் சோதித்தால் குறையே தெரியாது. ஹார்ட்பிளீட் 2012 மார்ச்சிலிருந்து எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்ததே, திறந்த நிரலால் என்ன பயன் என்பது இதைவிடக் கனமான கேள்வி. உண்மைதான், திறந்து வைத்ததாலேயே யாரும் படித்துவிடுவதில்லை. ஆனால் இரண்டு பிழைகளும் எப்படி நுழைந்தன என்று இன்று வரி வரியாகப் பேச முடிவது அது திறந்திருப்பதால்தான். படிக்கிறவர்கள் பெருக வேண்டும் என்பதற்குத்தான் அந்த இரண்டு வருடங்கள் சான்று.

தொடங்க நினைப்பவர் லினக்ஸ் கெர்னலின் திருத்தங்களில் 'ஃபிக்ஸஸ்' என்ற குறிப்பு உள்ள ஒன்றை எடுக்கலாம். பிழை எந்தப் பழைய மாற்றத்தில் நுழைந்தது என்பதை அது சொல்லும். முதலில் அந்தப் பழைய மாற்றத்துக்குப் போய், அதை எழுதியவர் சொன்ன நியாயத்தை முழுவதும் படித்துவிட்டு, பிறகு திருத்தத்துக்கு வாருங்கள்.