மறுப்பதற்கு முன்

இஸ்லாமியச் சிந்தனை மரபைப் பற்றி மேடையேறினால், பெரும்பாலும் பெயர்களை அடுக்கிவிட்டு இறங்கிவிடுகிறோம். ஃபாராபி, இப்னு சீனா, கஸ்ஸாலி, இப்னு ருஷ்து என்று பட்டியல் நீளும். அவர்கள் எதற்காக ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றார்கள், எப்படி நின்றார்கள் என்பது மட்டும் பேச்சில் வராது. எனக்கு அந்த ‘எப்படி’தான் பெரிது. மறுக்கப்போகும் கருத்தை முதலில் எவ்வளவு நேர்மையாக எடுத்துரைத்தார்கள் என்பதே இந்த மரபின் பள்ளிகளை உரசிப் பார்க்க நல்ல உரைகல்.

பஸ்ராவில் தொடங்கலாம். வாஸில் இப்னு அதாவின் வழிவந்த முஃதஸிலாக்கள், இறைவனின் நீதி மனித அறிவுக்கு எட்டும் என்றார்கள். தன் செயலுக்கு மனிதனே பொறுப்பு என்றார்கள். அபுல் ஹசன் அஷ்அரீ நாற்பது வயதுவரை அந்தப் பள்ளியின் மாணவர். தம் ஆசிரியர் ஜுப்பாயீயை அவர் மடக்கியதாக ஒரு கதை உண்டு. மூன்று சகோதரர்கள்: ஒருவன் நல்லடியானாகவும் ஒருவன் நிராகரிப்பாளனாகவும் ஒருவன் சிறுவனாகவும் இறக்கிறார்கள். “எனக்கும் ஆயுள் தந்திருந்தால் நானும் நன்மை செய்து உயர்ந்திருப்பேனே” என்று சிறுவன் கேட்டால்? “வளர்ந்தால் வழிகெடுவாய் என்று அறிந்தே உன்னை எடுத்துக்கொண்டேன் என்பான் இறைவன்” என்றார் ஆசிரியர். அப்படியென்றால் நரகத்தில் கிடக்கும் சகோதரன், “என்னையும் அப்படியே எடுத்திருக்கலாமே” என்று கேட்பானே! ஜுப்பாயீ வாயடைத்துப் போனாராம்.

கதை நடந்ததோ இல்லையோ, அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. பிரிந்துபோன அஷ்அரீ, ‘மகாலாத்துல் இஸ்லாமிய்யீன்’ என்ற நூலில் எல்லாப் பிரிவினரின் கருத்துகளையும் தொகுத்தார். விட்டு வந்த பள்ளிக்கும் அதில் தாராளமாக இடம் கொடுத்தார். முஃதஸிலாக்கள் என்ன சொன்னார்கள் என்றறிய ஆய்வாளர்கள் இன்றும் அந்த நூலைப் புரட்டுகிறார்கள்.

முஃதஸிலாக்களின் கணக்கில் ஒரு கறையும் உண்டு. குர்ஆன் படைக்கப்பட்டது என்ற அவர்களுடைய கொள்கையை ஏற்கும்படி கலீஃபா மஃமூன் 833இல் ஆலிம்களை விசாரணைக்கு இழுத்தார். மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையிலிருந்தார். அடுத்த கலீஃபாவின் காலத்தில் சாட்டையடியும் பட்டார். பகுத்தறிவைப் போற்றிய பள்ளி சாட்டையின் துணையை நாடியதை எந்த வாதத்தாலும் பூசி மெழுக முடியாது.

இமாம் கஸ்ஸாலி 1091இல் பக்தாத் நிஜாமிய்யா மதரசாவின் பேராசிரியரானார். தத்துவவாதிகளை மறுக்க எண்ணியவர் முதலில் உட்கார்ந்து அவர்களைப் படித்தார். ‘மகாஸிதுல் ஃபலாசிஃபா’வில் அவர்களின் கொள்கையை விளக்கிய பிறகே, ‘தஹாஃபுத்’தில் இருபது சிக்கல்களை எடுத்துத் தாக்கினார். முதல் நூல் லத்தீனுக்குப் போனபோது அவருடைய முன்னுரை பெரும்பாலான பிரதிகளில் இல்லை. ஆகவே, இவரும் இப்னு சீனாவின் சீடர்தான் என்று ஐரோப்பா நெடுங்காலம் நம்பியது. எதிர்க்கட்சிக்காரருக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுமா?

அதே கண்டிப்பை அவர் தம்மிடமும் காட்டினார். கண்ணை நம்பலாமா? நட்சத்திரம் ஒரு தீனார் காசளவு தெரிகிறது. அது பூமியைவிடப் பெரியது என்கிறது கணிதம். கண்ணைப் பொய்யாக்க அறிவு இருக்கிறது. அறிவைப் பொய்யாக்க அதற்கு மேல் ஒன்று இருந்தால்? இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால்தான் அந்த ஐயம் தீர்ந்தது என்று அவரே எழுதுகிறார். பின்னர் 1095இல் வேறொரு நெருக்கடி: பாடம் நடத்த நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை. பதவியைத் துறந்து புறப்பட்டார். இப்னு சீனாவோ ‘நான்’ என்பதற்குச் சான்றே தேவையில்லை என்றவர். வெட்டவெளியில் மிதக்கிறான் ஒருவன். எதையும் பார்க்கவோ தொடவோ முடியாது. அவனுக்கும் தான் இருப்பது தெரியும் என்பது அவர் வாதம்.

கஸ்ஸாலிக்குப் பதில் குர்துபாவின் காழி இப்னு ருஷ்துவிடமிருந்து வந்தது. கஸ்ஸாலியின் வாசகங்களைப் பகுதி பகுதியாக எடுத்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே தம் பதிலை வைத்தார். ஃபிக்ஹிலும் அவர் போக்கு இதுதான். ‘பிதாயத்துல் முஜ்தஹித்’தில் இன்ன இமாம் இப்படிச் சொன்னார் என்பதோடு நிற்காமல், ஏன் வேறுபட்டார்கள் என்று காரணம் தேடுவார். நம் ஊர்களில் ஷாஃபிஈ பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்ன பிறகும் பக்கத்து ஹனஃபீ பள்ளிவாசல் காத்திருக்கிறது. அஸர் தொடங்க, ஒருவருக்குப் பொருளின் நிழல் அதன் உயரத்தில் ஒரு மடங்கு ஆக வேண்டும், மற்றவருக்கு இரு மடங்கு. இரண்டுக்கும் ஹதீஸ் ஆதாரம் உண்டென்று அறிந்தவர் அதற்காகச் சண்டைக்குப் போகமாட்டார்.

சமூகம் என்று வந்தால் இப்னு கல்தூனை விட முடியாது. 1377இல் ‘முகத்திமா’வை எழுதியவர், இனப்பிடிப்பு ஆட்சியை எழுப்புவதையும் சொகுசு அதைக் கரைப்பதையும் விளக்கினார். மூஸா நபியின் படையில் ஆறு லட்சம் பேர் என்று மஸ்ஊதி போன்றோர் எழுதியதை அவர் ஏற்கவில்லை: அத்தனை பேர் எந்தக் களத்தில் நின்று போரிட்டிருக்க முடியும்? அறிவிப்பவர் யார் என்று பார்த்தால் மட்டும் போதாது, செய்தி நடக்கக்கூடியதா என்றும் பார் என்றார். வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே தள்ளிவிடும் நமக்கும் இது பொருந்தும்.

இந்தச் சிந்தனை மரபின் விவாதம் நம் வாசலுக்கும் வந்தது. மதராஸ் முஸ்லிம் சங்கத்தின் அழைப்பில் அல்லாமா இக்பால் 1929 ஜனவரியில் சென்னை வந்து உரையாற்றினார். ‘நான்’ கரைய வேண்டும் என்ற தக்கலை பீர் முஹம்மது அப்பா, குணங்குடி மஸ்தான் சாகிபு ஆகியோரின் பாடலில் ஊறிய மண்ணில், ‘நான்’ வலுப்பெற வேண்டும் என்பவர் வந்து நின்றார். அந்த உரைகள் பின்னர் நூலாயின. அதில் கஸ்ஸாலியை ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட்டுக்கு இணையாக வைக்கிறார். சிந்தனைக்கும் உள்ளுணர்வுக்கும் நடுவே கோடு கிழித்தது தவறு என்று கஸ்ஸாலியோடு முரண்படவும் செய்கிறார். கிரேக்கச் சிந்தனைக்கு எதிரான கலகம் என்று உலகம் அணுக்களால் ஆனது என்ற அஷ்அரீ வழியினரின் கொள்கையைப் பாராட்டி, அணு இருந்த இடத்தில் ‘நான்’களை வைக்கிறார்.