தள்ளிவிடப்படும் விடை

இருபடிச் சமன்பாட்டால் நீளம் காணும் கணக்குகள்தாம் பள்ளிக் கணிதத்தை வாழ்க்கைக்கு இழுத்து வருகின்றன என்ற வாதத்தைப் பெங்களூரில் அடிக்கடி கேட்க நேர்கிறது. அதில் நியாயம் உண்டு. சுற்றளவு 140 அடி, பரப்பு 1200 சதுர அடி என்று சொன்னால் போதும். இந்த ஊருக்கே உரிய முப்பதுக்கு நாற்பது சைட் சமன்பாட்டிலிருந்து தானே எழுந்து வரும். இரண்டு விடை, இரண்டு பக்கம். எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை.

தூக்கி எறியும் இடத்தில்தான் எனக்குச் சண்டை. கர்நாடகப் பள்ளிகள் பின்பற்றும் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலில் 13 மீட்டர் விட்டமுள்ள வட்டப் பூங்கா ஒன்று வருகிறது. விட்டத்தின் முனைகளில் அ, ஆ என இரு வாயில்கள். எல்லையில் நடும் கம்பத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தூரங்களின் வித்தியாசம் 7 மீட்டர். 'ஆ'விலிருந்து தூரம் த, 'அ'விலிருந்து த + 7 என்று கொண்டால், அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால், பித்தாகரஸ் வழியே த² + 7த − 60 = 0. விடைகள் 5, −12. தூரம் குறை எண்ணாகாது, ஆகவே −12ஐ விட்டுவிடு என்கிறது நூல். பிள்ளைகளும் அந்த வரியை மந்திரம்போல் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறார்கள்.

அந்த −12 ஏன் வந்தது? அதை இட்டால் மற்றத் தூரம் −5. குறிகளை நீக்கிப் பாருங்கள்: 'ஆ'விலிருந்து 12, 'அ'விலிருந்து 5. கம்பம் அடுத்த வாயிலருகே போய் நிற்கிறது, வித்தியாசம் அதே 7. எந்த வாயில் அருகில் என்று கேள்வி சொல்லவே இல்லை! வர்க்கம் குறியைப் பார்ப்பதில்லை. ஆகவே சமன்பாடு இரண்டு இடங்களையும் காட்டியது. நாம் ஒன்றை அழித்தோம்.

அதே பாடத்தின் பிரார்த்தனைக் கூடமும் இப்படித்தான். பரப்பு 300 சதுர மீட்டர், நீளம் அகலத்தின் இருமடங்கைவிட 1 மீட்டர் அதிகம். அகலம் 12, தள்ளப்படுவது −12.5. குறியை எடுத்தால் 24க்கு 12.5 என்ற இன்னொரு கூடம்: பரப்பு அதே 300, நீளம் மட்டும் இருமடங்கைவிட 1 குறைவு. பொருத்தமற்றது என்று தள்ளியது, பக்கத்துக் கணக்கின் சரியான விடை.

கர்நாடகம் தன்னவர் என்று கொண்டாடும் பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில், பக்கங்கள் 10, 17, அடிப்பக்கம் 9 உள்ள முக்கோணம் ஒன்று உண்டு. குத்துக்கோடு பிரிக்கும் அடித்துண்டுகளில் ஒன்று −6 என்று வருகிறது. அவர் அதைத் தள்ளவில்லை, எதிர்த்திசையில் அளக்கச் சொன்னார். குத்துக்கோடு முக்கோணத்துக்கு வெளியே விழுகிறது, உயரம் 8. (பீஜகணிதத்தின் குரங்குக் கணக்கொன்றில் அவரும் ஒரு விடையை விட்டவர்தான், விட்ட காரணத்தை அந்தக் கணக்குக்குள்ளேயே காட்டினார்.) அவருக்கு இருந்த பொறுமை நம் வகுப்பறையில் இல்லை. படம் வரைந்து தொடங்கிய கணக்கு, விடை வந்ததும் படத்தையே மறந்துவிடுகிறது. இதை வடிவியல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வினாத்தாள் தயாரிப்பவர்களே, 'விட்டுவிடுக' என்ற வரிக்கு மதிப்பெண் தராதீர்கள். −12 எந்தக் கம்பத்தைக் காட்டுகிறது என்று ஒரு மதிப்பெண்ணுக்காவது கேளுங்கள்.