ராஜா தன் மந்திரிகளுக்கே மறைத்த கடிதங்கள்

பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் உளவு வலையைப் பற்றிப் படிக்கிறவங்க, ஆல்பர் டி ப்ரோய் 1878-ல் வெளியிட்ட ‘ராஜாவின் ரகசியம்’ நூலைத் தாண்டிப் போக முடியாது. ஆனா ஒண்ணு: வலையை நடத்திய பிரபு டி ப்ரோய், ஆசிரியரின் சொந்தக் குடும்பத்துக்காரர். துணைத்தலைப்பில் வரும் ஆண்டுகளைப் பாருங்க, 1752–1774. பிரபு வார்சாவுக்குத் தூதராகப் போனது 1752-ல். வலையோ, இளவரசர் கோந்தியைப் போலந்து சிம்மாசனத்தில் ஏற்ற 1740-களிலேயே பின்னப்பட்டது.

1762-ல் லூயி பிரபுவை ஊரறிய அரசவையிலிருந்து விரட்டினார். வேலையைத் தொடரச் சொல்லி ரகசியக் கட்டளையும் அனுப்பினார். சொந்த மந்திரிகளுக்கே பயந்த ராஜா!

குடும்ப வருத்தத்தை ஒதுக்கிட்டுப் படிச்சா, எனக்கு முக்கியமாகத் தெரிவது லண்டனில் இருந்த தெயோன்தான். இங்கிலாந்து மீது படையெடுக்கக் கடற்கரையை வேவு பார்க்கும்படி 1763-ல் ராஜா எழுதிய கடிதம் அவர் கையில். 1764-ல் தூதரகக் கடிதங்களை அச்சிட்டவர், இதை மட்டும் வெளியிடலை. 1766-ல் வருஷத்துக்கு 12,000 லீவ்ர் ஓய்வூதியம்.

விசுவாசமா இருந்த பிரபுவுக்கு? 1772-ல் போலந்தை ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா மூணும் பங்கு போட்டுக்கொண்டன. மறு வருஷமே அவருக்கு மறுபடியும் வனவாசம்.