முகவரியும் மதிப்பெண்ணும்: கல்லூரிச் சேர்க்கையில் ஊரின் இடம்

கல்லூரிச் சேர்க்கையில் மாணவரின் மதிப்பெண்ணோடு அவர் பிறந்து வளர்ந்த ஊரையும் கணக்கில் கொள்ளலாமா என்னும் கேள்வி, தமிழ்நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சேர்க்கை விதியாக எழுதப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றுத் திரும்பியது. தோற்றபின்னும் அது மறையவில்லை. மாவட்ட ஒதுக்கீடு, கிராமப்புற ஒதுக்கீடு, அரசுப் பள்ளி ஒதுக்கீடு எனப் பெயரும் வடிவமும் மாறி மீண்டும் மீண்டும் தலைகாட்டி வருகிறது. தருமபுரி மாவட்டத்தின் ஏரியூர் போன்ற ஒரு பகுதியை நடுவில் நிறுத்தி இந்த வடிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஊரைக் கணக்கில் கொள்ளும் எண்ணம் தவறானதன்று என்பதும், ஊரை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில்தான் எல்லா முயற்சிகளும் இடறின என்பதும் தெரியவரும்.

அன்றைய சென்னை மாநிலத்தின் மருத்துவக் கல்லூரி விதிகள், இடங்களை மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பப் பங்கிட்டு, அந்தந்த மாவட்டத்து விண்ணப்பதாரர்களைக் கொண்டே நிரப்பும்படி வகுக்கப்பட்டிருந்தன. நல்ல பள்ளிகள் நிறைந்த சென்னை நகரத்து மாணவர்களே பெரும்பாலான இடங்களைக் கைப்பற்றிவிடுவார்கள் என்பது அரசு முன்வைத்த நியாயம். 1968 ஜனவரியில், ராஜேந்திரன் எதிர் சென்னை மாநிலம் என்னும் வழக்கில், தலைமை நீதிபதி கே. என். வாஞ்சூ தலைமையிலான அமர்வு இவ்விதியைச் சமத்துவ உரிமைக்கு, அதாவது அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு, முரணானது என்று நீக்கியது. சேர்க்கையின் நோக்கம் சிறந்த திறமையாளரைத் தேர்ந்தெடுப்பதே என்றால், ஒரு மாவட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவர் நுழைய, இன்னொரு மாவட்டத்தில் அவரைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றவர் வெளியே நிற்பதற்கு அந்த நோக்கத்தோடு தொடர்பில்லை என்பது தீர்ப்பின் சாரம். அதே தீர்ப்பு, பிற்படுத்தப்பட்ட சாதிகளின் பட்டியலை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீட்டைச் செல்லும் என ஏற்றுக்கொண்டதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். சமூகத்தில் ஒருவர் நிற்கும் இடம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. நிலப்பரப்பில் அவர் நிற்கும் இடம் தெரியவில்லை.

மாவட்டம் போனபின் அரசு கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்தது. சென்னை நகரக் கல்லூரிகள் சேர்ந்து ஓர் அலகு, வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் ஓர் அலகு என்னும் இந்த முறையையும் 1970இல் பெரியகருப்பன் வழக்கில் நீதிபதி கே. எஸ். ஹெக்டே எழுதிய தீர்ப்பு செல்லாதென்றது. மாவட்டவாரி முறையைப் பின்வாசல் வழியே கொண்டுவரும் ஏற்பாடாகவே அது பார்க்கப்பட்டது. நான்காண்டுகளுக்குப் பின், உத்தரப் பிரதேசத்தின் பிரதீப் டண்டன் வழக்கில், மலைப்பகுதி மாணவர்க்கான ஒதுக்கீட்டை ஏற்ற உச்ச நீதிமன்றம், கிராமப்புறத்தாருக்கான ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. மாநில மக்களில் பெரும்பகுதியினர் வாழும் கிராமங்களை ஒரே தன்மையுள்ள பின்தங்கிய வகுப்பாகக் கொள்ள முடியாதென்று காரணம் கூறப்பட்டது. தமிழ்நாட்டில் 1996 முதல் 2001 வரையிலான திமுக ஆட்சியில் கிராமப்புற மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 15 விழுக்காடு ஒதுக்கப்பட்டபோதும் அது நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை.

இத்தீர்ப்புகளில் சரியும் பிழையும் பின்னிக் கிடக்கின்றன. மாவட்டம் என்பது வருவாய் நிர்வாகத்துக்காக வரையப்பட்ட கோடு. அதற்குள் வசிப்போர் எல்லாரும் ஒரே அளவுக்கு வாய்ப்பிழந்தவர் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருந்தபோது 68.5 விழுக்காட்டுடன் கடைசியில் நின்றது தருமபுரி மாவட்டம். ஆயினும் அந்த ஒற்றை எண்ணுக்குள் தருமபுரி நகரின் பேருந்து நிலையத்தை ஒட்டிய தனியார் பள்ளி மாணவரும், பென்னாகரம் வட்டத்தில் சாலைக்காக நெடுங்காலம் கோரிக்கை வைத்துவந்த மலைக்கிராமத்து மாணவரும் சேர்ந்தே அடங்குகிறார்கள். மாவட்ட ஒதுக்கீடு இன்றும் இருந்திருந்தால், தருமபுரியின் பங்கை முதலில் பெறுபவர் பின்னவராக இருந்திருக்க வாய்ப்பில்லை. இந்த அளவில் நீதிமன்றத்தின் ஐயம் நியாயமானதே. ஆனால் மதிப்பெண்ணே கலப்பற்ற திறமை என்று கொண்டு, அதற்குள் ஊர் ஏற்கனவே புகுந்திருப்பதைக் காணாமல் விட்டது தீர்ப்பின் பெருங்குறை. ஏரியூரை அடுத்த நாகமரையில் நின்றால் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மறுகரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி கண்ணுக்கெட்டும் தொலைவில் தெரியும். பரிசலோ படகோ இல்லையென்றால் அங்கே போய்ச்சேர நெடுஞ்சுற்றுச் சாலைதான். இப்படிப்பட்ட நிலவமைப்பில் எந்த மேல்நிலைப் பள்ளியில் சேர்வது, அங்கே உயிரியல் பிரிவு உண்டா, மாலைப் பயிற்சி வகுப்பு முடிந்தபின் ஊருக்குப் பேருந்து உண்டா என்பவை பதினைந்து வயதிலேயே தீர்ந்துவிடுகின்றன. பதினேழாம் வயதில் எழுதும் தேர்வின் மதிப்பெண் அவற்றின் விளைவையும் சுமந்துதான் வருகிறது.

இதே கேள்விக்கு மாவட்டத்தையே விடையாக்கி, அரை நூற்றாண்டாக அதை விடாமல் வைத்திருக்கும் நாடு இலங்கை. அங்கே 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்களை எப்படித் தாக்கின என்பதைத் தமிழ் வாசகர் அறிவர். குறைவாகப் பேசப்படும் மறுபக்கமும் உண்டு. மாவட்ட ஒதுக்கீட்டால் மட்டக்களப்பு, மன்னார், வவுனியா முதலிய மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு முன்னைவிட அகலத் திறந்தது. கொழும்பின் சிங்கள மாணவர்களும் இழந்தவர் வரிசையில் இருந்தனர். இன்று கலைத்துறை நீங்கலான பெரும்பாலான துறைகளில் 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய தகுதிக்கும், 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 விழுக்காடு பின்தங்கியவை எனப் பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. ஒருகாலத்தில் கூடுதல் இடம் பெறுவதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட யாழ்ப்பாணம், போருக்குப்பின் இந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. ஒரு மாவட்டத்தின் கல்வி நிலை ஒரு தலைமுறைக்குள் கவிழ்ந்துவிடக் கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. முகவரிக்கு விலை கிடைத்தால் முகவரி சந்தைக்கு வரும் என்பதையும் இலங்கை காட்டுகிறது: நகரத்து மாணவர் பின்தங்கிய மாவட்டத்துப் பள்ளியில் பெயரைப் பதிந்து உயர்தரப் பரீட்சை எழுதுவது அங்கே தீராத புகார். தமிழ்நாடும் இதற்கு விலக்கன்று. மருத்துவச் சேர்க்கைக்கான நீட் தேர்வு நடைமுறைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், இரு மாநிலங்களில் இருப்பிடச் சான்று காட்டி விண்ணப்பித்தவர்கள் பற்றிய வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தன.

அண்டை மாநிலங்கள் வேறு வழிகளைக் கண்டன. ஆந்திரத்தில் 1973இன் அரசமைப்புத் திருத்தம் தந்த 371-டி பிரிவின் துணையோடு, பல்கலைக்கழக எல்லைகளை வட்டாரங்களாகக் கொண்டு 85 விழுக்காடு இடங்கள் உள்ளூராருக்கு ஒதுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் சமத்துவத்துக்கு முரணென்று விழுந்தது, அங்கே அரசமைப்பே தாங்கிப் பிடித்ததால் நின்றது. ஏரியூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கர்நாடகத்திலோ, முதல் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கிராமப்புறப் பள்ளிகளில் படித்தவர்க்கு 15 விழுக்காடும், கன்னட வழியில் படித்தவர்க்கு 5 விழுக்காடும் தொழிற்கல்விச் சேர்க்கையில் தரப்படுகின்றன. மாநில எல்லைக்கு இப்பால் சட்டம் மறுத்த ஒன்று அப்பால் ஆண்டுதோறும் நடப்பதை நோக்கினால், தமிழ்நாட்டில் கிராமப்புற ஒதுக்கீடு வீழ்ந்ததற்குக் கொள்கையின் பலவீனத்தைவிட அது வரையப்பட்ட விதமே காரணமாக இருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

தமிழ்நாடு தேர்ந்துகொண்ட மாற்று வழி, ஊரை விட்டுப் பள்ளியைப் பிடிப்பது. 2021இல் நீதிபதி ஏ. கே. ராஜன் குழு அளித்த அறிக்கை, அரசு மருத்துவக் கல்லூரிகளில் கிராமப்புற மாணவரின் பங்கு நீட்டுக்கு முன் சராசரியாக ஏறத்தாழ 61 விழுக்காடாக இருந்து 2020-21இல் 51 விழுக்காட்டளவுக்கு இறங்கியதையும், தமிழ் வழியில் படித்தவரின் பங்கு ஏறத்தாழ 15 விழுக்காட்டிலிருந்து சில விழுக்காடுகளாகச் சுருங்கியதையும் எடுத்துக்காட்டியது. இந்தச் சரிவுக்கு விடையாக, அறிக்கைக்கு முன்பே, நீதிபதி பி. கலையரசன் குழுவின் பரிந்துரையையொட்டி 2020இல் ஒரு சட்டம் வந்திருந்தது. குழு 10 விழுக்காடு கேட்க, அரசு 7.5 விழுக்காட்டை ஏற்றது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவப் படிப்புகளில் அந்த அளவு இடங்கள் ஒதுக்கப்பட்டன. சாதிவாரிப் பங்கீட்டைக் குலைக்காமல் ஒவ்வொரு பிரிவின் உள்ளேயும் தரப்படுவதால் இதைக் கிடைமட்ட ஒதுக்கீடு என்பர். 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கும் இது விரிந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

மாவட்ட முறை தோற்ற இடத்தில் இம்முறை வென்றது தற்செயலன்று. அரசுப் பள்ளியில் ஏழாண்டு படித்தல் என்பது வாங்கவோ வாடகைக்குப் பிடிக்கவோ எளிதில் இயலாத அடையாளம்; மருத்துவ இடத்துக்காக வசதியுள்ள குடும்பம் பதினொரு வயதுப் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்றினாலும் அதனால் அப்பள்ளிக்கு நன்மையே. குடும்பத்தின் பொருளியல் நிலையையும் ஊரின் நிலையையும் ஒருசேர ஓரளவு பிடித்துக்கொள்கிறது என்பதும் இதன் வலிமை.

ஆயினும் அந்த ‘ஓரளவு’ எங்கே முடிகிறது என்பதை ஏரியூர் காட்டிவிடுகிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் படித்து, நடந்துபோகும் தொலைவில் நூலகமும் பயிற்சி மையமும் உள்ள மாணவரும், ஏரியூர் ஒன்றியத்துச் சிற்றூரிலிருந்து வருபவரும் ஒரே பட்டியலில் ஒரே நீட் மதிப்பெண்ணால் வரிசைப்படுத்தப்படுகிறார்கள். தொலைவு என்னும் கூறு இச்சட்டத்தில் எங்கும் இல்லை. இதனினும் கூர்மையானது இடம்பெயர்வோரின் நிலை. தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் கட்டடப் பணிக்கும் ஆலைப் பணிக்கும் குடும்பம் குடும்பமாகப் போய்வருவது பல்லாண்டு வழக்கம். பெற்றோருடன் பெங்களூருக்குச் சென்று ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் அங்கே முடித்துத் திரும்பிய பிள்ளைக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்னும் நிபந்தனை பொருந்தாது. கர்நாடகத்தின் பத்தாண்டு நிபந்தனையும் அவரை ஏற்காது. ஊரின் வறட்சி யாரை மிகக் கடுமையாக விரட்டியதோ அவரே ஊரின் பெயரால் வரும் சலுகையை இழக்கிறார். ஏமாற்றைத் தடுக்க எழுதிய நிபந்தனை ஏழையைத் தடுப்பது சட்டங்களின் பழைய நோய்.

மாணவரைக் கல்லூரிக்குக் கொண்டுசெல்வதற்கு மாறாகக் கல்லூரியை ஊருக்குக் கொண்டுவருவதும் ஒரு வழி. 2021இல் அறிவிக்கப்பட்ட பத்துப் புதிய அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஏரியூரும் ஒன்று. தாளவாடி, திருச்சுழி, மானூர் போன்ற, பெரிய நகரங்களிலிருந்து விலகிய ஊர்கள் அப்பட்டியலில் இருந்தன. அடுத்த ஆண்டே வகுப்புகள் தொடங்கின. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே 2022இல் வந்தது. வெளியூர் விடுதிக்கு மகளை அனுப்பத் தயங்கும் வீடுகளில் இவ்விரண்டும் சேர்ந்து படிப்பைத் தொடரச் செய்யும் என்பதை எந்த ஒதுக்கீட்டு விவாதமும் மறந்துவிடக் கூடாது. ஆனால் அருகிலுள்ள கல்லூரி தரும் பாடங்களே மாணவரின் விருப்பப் பாடங்களாகிவிடும் இடரும் இங்கே உண்டு. மாவட்டத் தலைநகரில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருந்தும், அங்கே யார் படிப்பதென்பதை மாநிலம் தழுவிய தரவரிசை தீர்மானிக்கிறது. ஏரியூரின் கலைக் கல்லூரியில் யார் படிப்பதென்பதைப் பெரிதும் பேருந்துத் தடமே தீர்மானிக்கும். படிப்பின் வகையையே ஊர் முடிவுசெய்வது சேர்க்கை மறுப்பைப் போல வெளியே தெரியாததால், அதை எதிர்த்து எவரும் வழக்குத் தொடுப்பதில்லை.

அமெரிக்காவில் இரு சோதனைகள் இவ்விடத்தில் பயன்படும். டெக்சஸ் மாநிலம் 1997இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வருபவர்க்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்றது. மாணவரை அவரோடு ஒரே கூரையின் கீழ்ப் படித்தவருடன் மட்டும் ஒப்பிடும் இம்முறையில் ஊரை அளக்கும் தொல்லையே இல்லை. சில குடும்பங்கள் போட்டி குறைந்த பள்ளிகளைத் தேடிச் சென்றதும் பதிவாகியிருக்கிறது. மற்றொன்று, எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு 2019இல் கொண்டுவந்த கருவி. மாணவரின் அக்கம்பக்கத்தின் வருமானம், கல்வி, குற்ற நிலை முதலியவற்றைத் தொகுத்து ஒற்றை எண்ணாகத் தந்தபோது கடும் எதிர்ப்பு எழ, அந்த எண்ணைக் கைவிட்டு விவரங்களை மட்டும் தரும் ‘லேண்ட்ஸ்கேப்’ ஆக மாற்றி, 2025இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். எண்ணைவிட விவரம் நேர்மையானது என்பது அங்கே கிடைத்த பாடம். விவரத்தைப் படித்து எடைபோடும் அதிகாரிக்கு நம்பகம் வேண்டும் என்பது தமிழ்நாட்டின் சேர்க்கை வரலாறு தரும் எச்சரிக்கை. பெரியகருப்பன் வழக்கில் நேர்காணல் மதிப்பெண் வழங்கப்பட்ட விதமும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மனிதக் கணிப்புக்கு இடமில்லாத ஒற்றைச்சாளரக் கலந்தாய்வைத் தமிழ்ப் பெற்றோர் இவ்வளவு நம்புவதற்குக் காரணம் அத்தகைய நினைவுகளே.

ஆகவே இங்கே ஊரைக் கணக்கில் கொள்வதென்றால், அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல், அலகு சிறியதாகவும் அளவு எளியதாகவும் இருக்கும்படி விதியாகவே எழுத வேண்டியிருக்கும்: படித்த பள்ளியில் அறிவியல் பிரிவு இருந்ததா, பாட ஆசிரியர் இருந்தாரா, வீட்டுக்கும் அப்பள்ளிக்கும் எவ்வளவு தொலைவு, இடம்பெயர்ந்த ஆண்டுகளுக்கு மாற்றுச் சான்று உண்டா என்பவை கல்வித்துறையின் பதிவேடுகளிலிருந்தே பெரிதும் பெறத்தக்கவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பினால் பயனில்லை. 2011இல் கணக்கெடுத்தபோது ஏரியூர் தனி ஒன்றியமாகவே இல்லை, பென்னாகரம் ஒன்றியத்துக்குள் அடங்கியிருந்தது; அடுத்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டை ஐந்தாண்டுக்குள் மறுஆய்வு செய்ய வேண்டும் என்று 2022இல் உயர் நீதிமன்றம் குறித்த காலமும் அதே 2027இல்தான் முடிகிறது. அந்த மறுஆய்வு, இடம் பெற்றவர்களின் மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அவர்கள் எந்தெந்த ஒன்றியங்களிலிருந்து வந்தார்கள், எந்த ஒன்றியத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்பதைப் பள்ளிவாரியாக வெளியிட்டால், 1968இல் மாவட்டத்தோடு கைவிடப்பட்ட கேள்வியைச் சரியான அளவில் மீண்டும் கேட்கத் தேவையான தரவு முதன்முறையாகக் கைக்கு வரும்.